அடுக்கு டிப்: எந்த விருந்துக்கு எது?

"நீ ஒண்ணும் சமைச்சு எடுத்துட்டு வர வேண்டாம்மா, சாப்பாட்டுக்கு முன்னாடி கொறிக்க ஏதாவது கொண்டு வா போதும்" என்று விருந்து வைக்கும் அக்கா போனில் சொல்லிவிட்டால், டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது அடுக்கு டிப்தான். அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம், ஓவனும் வேண்டாம். ஒரு கண்ணாடி ட்ரே, டின் ஓப்பனர், வடிகட்டி, கத்தி இருந்தால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இருபது பேருக்கு ஆகிவிடும்.

ஆனால் எந்த அடுக்கு டிப் என்பதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். தங்களுக்குப் பிடித்த ருசியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வேன். கடைசி அடுக்கைப் பரப்பி முடித்ததிலிருந்து கடைசி ஆள் சிப்ஸால் அள்ளும்வரை எத்தனை மணி நேரம்? அதில் காரில் எவ்வளவு, ஃப்ரிட்ஜில் எவ்வளவு, மேசைமேல் எவ்வளவு? இதற்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சமைக்காத டிப்பில் ருசி கெடுவது அபூர்வம். எல்லாமே கடையில் வாங்கிய, ஏற்கனவே ருசியான பொருள்கள். அதைக் கெடுப்பது தண்ணீர். தக்காளி விடுகிற தண்ணீர், வெள்ளரிக்காய் விடுகிற தண்ணீர், தயிரில் பிரிகிற தண்ணீர். உப்புப் பட்ட காய் சும்மா இருக்காது, உள்ளே இருக்கும் நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே விட்ட தண்ணீர் கீழே இறங்கும், வெள்ளை அடுக்கு ரோஸ் நிறமாகும், அடி அடுக்கு கூழாகும். பார்வைக்கு அழகாக இருந்த ட்ரே இரண்டு மணி நேரத்தில் யாரோ கலக்கி வைத்தது மாதிரி ஆகிவிடும். கொழுப்பு நிறைந்த அடுக்கு மட்டும்தான் இதைத் தடுத்து நிறுத்தும். ஆகவே ஒவ்வொரு டிப்பையும் அதில் எவ்வளவு தண்ணீர், அதைத் தடுக்க எவ்வளவு கொழுப்பு என்று பார்த்துத்தான் இங்கே எடை போடுகிறேன்.

டெக்சஸின் ஏழடுக்கு

அடுக்கு டிப் என்றாலே அமெரிக்காவில் முதலில் இதுதான். 1981இல் 'ஃபேமிலி சர்க்கிள்' பத்திரிகையில் 'டெக்ஸ்-மெக்ஸ் டிப்' என்று இதன் செய்முறை அச்சில் வந்தது; அதற்கு முன்பே டெக்சஸ் வீடுகளில் இது புழக்கத்தில் இருந்தது. மக்காச்சோளச் சிப்ஸும் சல்சாவும்தான் மாநிலத்தின் அதிகாரபூர்வ நொறுக்குத்தீனி என்று 2003இல் தீர்மானமே போட்டுவைத்திருக்கும் ஊர் அது. பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை இந்த டிப் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏழும் எவை என்பதில் வீட்டுக்கு வீடு சின்னத் தகராறு உண்டு. பெரும்பாலும் அடியிலிருந்து இப்படி வரும்: மசித்த பின்டோ பீன்ஸ், அவகாடோவில் செய்த குவாக்கமோலே, டாக்கோ மசாலா கலந்த சவர் கிரீம், துருவிய சீஸ், தக்காளி, கறுப்பு ஆலிவ், வெங்காயத்தாள். சிலர் சீஸை எல்லாவற்றுக்கும் மேலே தூவுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் அதைத் தக்காளிக்கும் சவர் கிரீமுக்கும் நடுவில் போடுவேன், தக்காளி நீர் வெள்ளையில் இறங்காமல் அது தாங்கும்.

முதலில் பீன்ஸ். ரீஃப்ரைட் பீன்ஸ் டின்னைக் கவிழ்த்தால் டின்னின் வரி வரியான அச்சோடு ஒரு கட்டியாக வந்து விழும். அதை அப்படியே ட்ரேயில் தேய்த்துப் பரப்புகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் விருந்தில் ஒவ்வொரு சிப்ஸும் பீன்ஸுக்குள் பாதி உடைந்து நிற்கும். கட்டியை ஒரு கிண்ணத்தில் போட்டு, ஒரு லைம் பழச் சாற்றைப் பிழிந்து, சல்சாவையோ தக்காளியையோ வடித்த நீரில் இரண்டு மூன்று கரண்டி விட்டு, முள்கரண்டியால் நன்றாகக் குழையுங்கள். பதம் பார்க்க ஒரு சிப்ஸை அதில் செங்குத்தாக நட்டு இழுக்க வேண்டும். உடையாமல் பீன்ஸை அள்ளிக்கொண்டு வந்தால் சரி. நட்ட சிப்ஸ் தானாகச் சாய்ந்தால் நீர்த்துவிட்டது, இன்னும் கொஞ்சம் பீன்ஸ் சேர்க்க வேண்டும்.

சைவக்காரர்கள் டின்னின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது. பழைய பாணி ரீஃப்ரைட் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். லேபிளில் 'லார்ட்' என்று இருக்கும். 'வெஜிடேரியன்' என்று முகப்பிலேயே போட்ட டின்கள் பக்கத்திலேயே இருக்கும், விலையும் ஏறக்குறைய அதேதான். கொழுப்புக் குறைத்த சவர் கிரீம்களில் சிலவற்றில் ஜெலட்டின் இருக்கும். சீஸில் 'ரென்னெட்' விலங்கிலிருந்து எடுத்ததா, நுண்ணுயிர் மூலம் தயாரித்ததா என்று பார்க்கிற குடும்பங்களும் நம்மில் உண்டு. நாலு பொருள்களின் லேபிளைப் படிக்க ஐந்து நிமிடம் ஆகும். பந்தியில் ஒரு மாமி "இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்கும்போது தயங்காமல் பதில் சொல்லலாம்.

அடுத்தது அவகாடோ. பிப்ரவரியில் பழுத்த அவகாடோ மலிவாகக் கிடைப்பதே அவ்வளவு பழைய கதை இல்லை. மெக்சிகோ அவகாடோவுக்கு அமெரிக்கா 1914இல் தடை போட்டது. 1997இல் குளிர்காலத்துக்கு மட்டும், வடகிழக்குப் பக்கத்துச் சில மாநிலங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. எல்லா மாநிலங்களுக்கும் வர அனுமதித்தது 2007இல்தான். இன்றைக்குக் கடையில் குவிந்து கிடப்பது பெரும்பாலும் மிச்சோவகான் மாநிலத்து ஹாஸ் ரகம். விருந்துக்கு நாலைந்து நாள் முன்பே கல்லு மாதிரி இருப்பதை வாங்கி, வாழைப்பழத்தோடு பேப்பர் பையில் போட்டு வைத்தால், வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயுவில் சீக்கிரம் பழுக்கும். காம்புப் பக்கம் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். அந்தப் பதம் வந்ததும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டால் இரண்டு மூன்று நாள் அப்படியே நிற்கும். விருந்தன்று காலையில் கடைக்குப் போய்ப் பழுத்த அவகாடோ தேடுகிற வேலையே வேண்டாம்; அன்றைக்கு ஊரே அதைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

வெட்டிய அவகாடோ கறுப்பதற்குக் காரணம் அதிலுள்ள ஒரு நொதியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்வதுதான். லைம் சாறு நொதியின் வேகத்தைக் குறைக்கும். கொட்டையைக் கிண்ணத்தில் போட்டு வைத்தால் கறுக்காது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கொட்டைக்கு அடியில் காற்றுப் படாத இடம் மட்டும் பச்சையாக இருக்கும், அவ்வளவுதான். ஏழடுக்கின் சாமர்த்தியமே இங்கேதான் இருக்கிறது. குவாக்கமோலேக்கு மேல் சவர் கிரீமை ட்ரேயின் நாலு ஓரமும் தொடும்படி இடைவெளி இல்லாமல் பரப்பினால், அதுவே மூடி. காற்றுப் புகாது, பச்சை மறுநாள் வரை பச்சையாகவே இருக்கும். மூலையில் ஒரு விரல் அகலம் விட்டுவிட்டால் அந்த இடம் மட்டும் பழுப்பாகும், கண்ணாடி ட்ரேயில் பக்கவாட்டில் அது பளிச்சென்று தெரியும்.

நேரமே இல்லை என்றால் கடையில் விற்கும் தயார் குவாக்கமோலே வாங்கலாமா? தாராளமாக. சூடு காட்டாமல் மிக அதிக அழுத்தத்தில் பதப்படுத்தி அடைத்து விற்கிறார்கள்; நிறம் நிற்கும். வீட்டில் செய்ததன் மணம் இருக்காதுதான், ஆனால் ஏழில் ஒன்றாகப் போகும்போது யாருக்கும் தெரியாது. தனியாகக் கிண்ணத்தில் வைப்பதென்றால் மட்டும் சொந்தமாகச் செய்யுங்கள்.

சவர் கிரீமில் கஞ்சத்தனம் வேண்டாம். முழுக் கொழுப்புள்ள சவர் கிரீமில் பால் கொழுப்பு 18 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். கொழுப்புக் குறைத்தது ஒரு மணி நேரத்திலேயே ஓரத்தில் நீர் விட ஆரம்பிக்கும். கிரேக்க யோகர்ட்டும் அதே வழிதான். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் பாதி சவர் கிரீம், பாதி யோகர்ட் கலக்கலாம். சீஸ் விஷயத்தில் மட்டும் சோம்பலுக்கு இடம் உண்டு. துருவியே விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுத்தூள் தூவியிருப்பார்கள், உருக்கினால் அது திரிதிரியாக நிற்கும் என்பதால் சமையல்காரர்கள் அதைத் திட்டுவார்கள். இங்கே உருக்கவே போவதில்லை. அந்த மாவு கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், நமக்கு நல்லதுதான்.

தக்காளிக்கு ரோமா ரகம். நீளவாக்கில் பிளந்து, கொழகொழவென்ற விதைப் பகுதியை விரலால் வழித்துவிட்டு, சதையை மட்டும் பொடியாக நறுக்கி வடிகட்டியில் இருபது நிமிடம் போட்டு வையுங்கள். கீழே வைத்த கிண்ணத்தில் சேரும் நீரைப் பார்த்தால், அது ட்ரேக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புரியும். அந்த நீர்தான் பீன்ஸ் குழைக்கப் போகிறது, வீணாகாது. பாட்டில் சல்சா போடுவதானால் அதையும் வடிகட்டித்தான் ஆக வேண்டும்.

ஒரு விஷயம் இதில் எப்போதும் தப்பும்: உப்பு. பீன்ஸ் டின்னில் உப்பு, டாக்கோ மசாலாவில் உப்பு, ஆலிவில் உப்பு, சீஸில் உப்பு, கடைசியில் சிப்ஸிலும் உப்பு. குவாக்கமோலேயில் நீங்கள் ஒரு சிட்டிகைகூடப் போட வேண்டாம். மசாலா பாக்கெட் முழுவதையும் கொட்டாமல் பாதியைச் சவர் கிரீமில் கலந்து ருசி பாருங்கள்.

ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குல ட்ரே ஒன்றுக்கு 450 கிராம் பீன்ஸ் டின் இரண்டு, அவகாடோ நாலைந்து, சவர் கிரீம் 450 கிராம், துருவிய சீஸ் 225 கிராம், ரோமா தக்காளி ஐந்தாறு, சிறிய ஆலிவ் டின் ஒன்று, வெங்காயத்தாள் நாலு. மற்ற பலகாரமும் இருக்கும் விருந்தில் இருபது, இருபத்தைந்து பேருக்குத் தாங்கும். சீஸ் வரை முந்தின இரவே முடித்து, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். மேலே உள்ள மூன்றை மட்டும் கிளம்புவதற்கு முன்னால் தூவினால் போதும். இந்த வசதி மற்ற எந்த டிப்பிலும் இவ்வளவு இல்லை. கூட்டம் பெரிது, நேரம் நீளும், வரப்போகிறவர்களின் ருசி தெரியாது என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

டாக்கோ டிப்: தூரத்துப் பயணத்துக்கு

விஸ்கான்சின், மினசோட்டா போன்ற மிட்வெஸ்ட் மாநிலங்களில் இதே விருந்து மேசையில் இன்னொன்று இருக்கும். பீன்ஸ் கிடையாது, அவகாடோ கிடையாது. அடியில் கிரீம் சீஸும் சவர் கிரீமும் டாக்கோ மசாலாவும் சேர்த்து அடித்த கலவை. அதன்மேல் பொடியாக அரிந்த ஐஸ்பெர்க் லெட்யூஸ், தக்காளி, சீஸ், ஆலிவ். டெக்சஸ்காரர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு, காரணம் கிரீம் சீஸ். சட்டப்படி அதில் 33 சதவீதமாவது கொழுப்பு இருக்க வேண்டும். மேலிருந்து வரும் தண்ணீர் அதற்குள் இறங்க வழியே இல்லை, மேலேயே தேங்கும், டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடலாம். அடி கெட்டியாக நிற்பதால் ஆஸ்டினிலிருந்து டல்லாஸ் வரை மூன்று மணி நேரம் காரில் குலுங்கினாலும் அசையாது. ஐஸ் போட்ட கூலரில் வைத்து எடுத்துப் போக வேண்டும், மேல் காய்களைத் தனி டப்பாவில் கொண்டுபோய் அங்கே தூவ வேண்டும், அவ்வளவுதான்.

225 கிராம் கிரீம் சீஸுக்கு அதே அளவு சவர் கிரீம். கிரீம் சீஸை ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைக்காவிட்டால் எவ்வளவு அடித்தாலும் சிறு சிறு கட்டி நிற்கும், மசாலா பட்ட வெள்ளைக் கட்டிகள் பார்க்கவே நன்றாக இருக்காது. முதலில் கிரீம் சீஸைத் தனியாக அடித்து மிருதுவாக்கிவிட்டு அப்புறம் சவர் கிரீமைச் சேர்க்க வேண்டும். குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். குறை என்று சொன்னால் கனம். நாலு சிப்ஸுக்கு மேல் பெரியவர்களால் முடியாது. பின்னால் பிரியாணி காத்திருக்கும் விருந்துக்கு இது வேண்டாம்.

ஹம்மஸ் அடுக்கு

கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துச் சாமான்களை டெக்சஸ் பாணியில் அடுக்கியது இது. அடியில் ஹம்மஸ், மேலே கெட்டித் தயிர், வெள்ளரி, தக்காளி, கலமாட்டா ஆலிவ், சிவப்பு வெங்காயம், உதிர்த்த ஃபெட்டா சீஸ், பார்ஸ்லி. தயிரையும் ஃபெட்டாவையும் விட்டுவிட்டால் பால் பொருளே தொடாதவர்களுக்கும் ஆகும். அலுவலகப் பார்ட்டிக்கு இதுதான் பாதுகாப்பான தேர்வு. யார் சைவம், யார் வீகன், யார் கோதுமை சாப்பிட மாட்டார்கள் என்று தெரியாத இடம் அது. பீட்டா சிப்ஸோடு கேரட், குடைமிளகாய்த் துண்டுகளையும் வைத்துவிட்டால் எல்லோருக்கும் ஏதாவது இருக்கும்.

எள் ஒவ்வாமை மட்டும் கவனம். ஹம்மஸில் எள் விழுது உண்டு. 2023 ஜனவரி முதல் அமெரிக்காவில் எள்ளையும் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாக லேபிளில் குறிப்பிட்டாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போவதென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீர்க் கணக்கில் இது பலவீனமான டிப். வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர்தான். நறுக்கி, உப்புப் பிசறி, பத்து நிமிடம் கழித்துக் கையால் பிழிந்து எடுக்க வேண்டும். பிழியும்போது அரை டம்ளர் வரும். ஃபெட்டாவையும் ஊறிய உப்பு நீரிலிருந்து எடுத்து ஒற்ற வேண்டும். இவ்வளவு செய்தாலும் மேசையில் ஒன்றரை மணி நேரம்தான் அழகாக நிற்கும். நல்ல ஆலிவ் எண்ணெய் கொஞ்சம் மேலே ஊற்றினால் ஓரத்து நீர் கண்ணுக்குத் தெரியாது என்பது ஒரு தந்திரம்.

சாட் டிப்

நம்மவர் பாட்லக்குகளில் இப்போது இதற்குத்தான் கிராக்கி. டின் கொண்டைக்கடலையை அலசி, நீர் வடித்து, ஒன்றிரண்டாக மசித்து அடியில் பரப்பி, மேலே உப்பும் சிட்டிகை சர்க்கரையும் வறுத்த சீரகப்பொடியும் கலந்த கெட்டித் தயிர், பச்சை சட்னி, புளி-பேரீச்சை சட்னி, வெங்காயம், மாதுளை முத்து, கடைசியில் சேவ். சட்னி இரண்டும் பட்டேல் பிரதர்ஸ் போன்ற இந்தியக் கடைகளில் பாட்டிலில் கிடைப்பதால் இதுவும் அடுப்பில்லா டிப்தான். ருசியில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. சவர் கிரீமின் புளிப்பு நம் நாக்குக்குக் கொஞ்சம் அந்நியம். இந்தப் புளிப்பு, இனிப்பு, காரம் நமக்குப் பழக்கம்.

ஆனால் பொறுமை இல்லாத டிப் இது. இரண்டு சட்னியும் தண்ணீர்ப் பதம், தயிரும் தண்ணீர் விடும், கொழுப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் ஒன்றாகிவிடும், சேவ் ஐந்து நிமிடத்திலேயே நமத்துவிடும். ஆகையால் உங்கள் வீட்டிலேயே விருந்து என்றால் மட்டும், எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, அடுக்குங்கள். எடுத்துப் போக வேண்டும் என்றால் தயிர் வரை அடுக்கிக் கொண்டுபோய், சட்னிகளை அங்கே கரண்டியால் கோடு கோடாக ஊற்றுங்கள். சேவைத் தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் வேண்டியவர்கள் தூவிக்கொள்வார்கள். தயிருக்கு யோகர்ட்டைத் துணியில் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டு எடுத்தால் இன்னொரு அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

அசைவக் கூட்டம், பத்துப் பேருக்குள், கடைசி நேரத்து அழைப்பு என்றால் இன்னொன்றும் இருக்கிறது. தட்டில் கிரீம் சீஸைப் பரப்பி, மேலே பாட்டிலில் கிடைக்கும் காக்டெயில் சாஸை ஊற்றி, வேகவைத்தே விற்கும் சின்ன இறாலை உலர ஒற்றித் தூவுவது. பத்து நிமிட வேலை. கிராக்கரோடு சாப்பிட வேண்டும், சீக்கிரம் சாப்பிட வேண்டும்.

எதில் அடுக்குவது, எதால் அள்ளுவது

படம் எடுக்க ஆசைப்பட்டு ஆழமான கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஏழு நிறமும் வெளியே தெரியும், உண்மைதான். சிப்ஸ் எட்டுவது மேலே உள்ள இரண்டு அடுக்கு வரைக்கும்தான். முதலில் வருகிறவர் தக்காளியும் சீஸும் சாப்பிடுவார், கடைசியில் வருகிறவருக்கு வெறும் பீன்ஸ். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். ஒரே இழுப்பில் எல்லா அடுக்கும் சிப்ஸில் ஏற வேண்டும், அதற்குத்தானே அடுக்குவது.

தனித்தனி பிளாஸ்டிக் கப்பில் போடுவது குழந்தைகளின் பிறந்தநாளுக்கு நல்லது. ஒருவர் கடித்த சிப்ஸை மறுபடி முக்குகிற பிரச்சினை இல்லை, கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். வேலை மட்டும் இரண்டு மடங்கு. பீன்ஸ், குவாக்கமோலே, சவர் கிரீம் மூன்றையும் தனித்தனி ஜிப்லாக் பையில் நிரப்பி, மூலையை வெட்டிப் பிழிந்தால் கப்பின் ஓரத்தில் இழுபடாமல் விழும். கப்பில் சிப்ஸைச் செருகி வைக்காதீர்கள், நமத்துப் போகும்.

சிப்ஸில் மெல்லிசாக, பெரிதாக இருக்கும் ரெஸ்டாரண்ட் ரகம் சல்சாவுக்குத்தான் சரி, இங்கே முறியும். கிண்ணம் மாதிரி குழிந்த 'ஸ்கூப்' வடிவச் சிப்ஸ் வாங்குங்கள். மக்காச்சோளச் சிப்ஸில் கோதுமை இல்லை, இருந்தாலும் ஒவ்வாமை உள்ளவர்களுக்காக லேபிளைப் பாருங்கள். பீட்டா சிப்ஸ் முழுக்கக் கோதுமை.

மேசைமேல் எவ்வளவு நேரம்

பால் பொருள், வெட்டிய காய், மசித்த பீன்ஸ் எதுவும் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு; வெளியே வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரே மணி நேரம். டெக்சஸில் ஜூலை நான்காம் தேதி கொல்லைப்புற விருந்துக்கு இரண்டாவது கணக்குத்தான் பொருந்தும். அங்கே ஒன்பதுக்குப் பதின்மூன்று ட்ரே ஒன்றை வைப்பதைவிட எட்டங்குலச் சதுர ட்ரே இரண்டாகப் போடுவது உத்தமம். ஒன்று வெளியே, ஒன்று ஃப்ரிட்ஜில். முதலாவது காலியானதும் இரண்டாவது வரும், கடைசி ஆளுக்கும் குளிர்ச்சியாக, அடுக்குக் கலையாமல் கிடைக்கும். வெளியே வைக்கும் ட்ரேயைப் பெரிய பேக்கிங் தட்டில் ஐஸ் பரப்பி அதன்மேல் வைக்கலாம். ஐஸ் உருகிய தண்ணீர் ட்ரே விளிம்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேசையில் அந்த நேரத்தைத் தாண்டி நின்றது எவ்வளவு மிச்சம் இருந்தாலும் குப்பைக்குத்தான். வெளியே வராத இரண்டாவது ட்ரே மறுநாளைக்கு ஆகும். அதை அள்ளி ஒரு மாவு டார்ட்டியாவில் தடவி, மடித்து, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் முறுகவிட்டால் காலைப் பலகாரம் முடிந்தது. அப்போது மட்டும் அடுப்பு பற்ற வைத்தே ஆக வேண்டும். ஹம்மஸ் ட்ரேயில் மிஞ்சினால் நீரை வடித்துவிட்டு ரொட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். டாக்கோ டிப்பில் மேலே உள்ள லெட்யூஸை மட்டும் ஒதுக்கிவிட்டு அடியை வழித்து டப்பாவில் எடுத்து வைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு நன்றாக இருக்கும். சாட் டிப் மிஞ்சி நான் பார்த்ததில்லை.